தடுப்பூசி வரிசையில் நிற்கும் தாய்

இரவில் நன்றாகத் தூக்கம் வருகிறதா? வேளைக்குச் சாப்பாடு இறங்குகிறதா? உடம்பில் அசதி உண்டா? முன்பு போல வேலை ஓடுகிறதா? மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. இவற்றை மூன்று வாரக் கைக்குழந்தையை மடியில் வைத்திருக்கும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். தூக்கமா? அது போய் மூன்று வாரமாகிறது. சாப்பாடு ஆறிப்போய்க் கிடக்கும். அசதியைக் கேட்கவே வேண்டாம். நோய் இருப்பவளும் இதே பதிலைத்தான் சொல்வாள், இல்லாதவளும் இதே பதிலைத்தான் சொல்வாள்.

பிரிட்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜான் காக்ஸுக்கு இதுதான் தலைவலியாக இருந்தது. அவர் 1970களில் உகாண்டாவில் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்ற பெண்களையும் ஆராய்ந்தவர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1968இல், பிரைஸ் பிட் என்ற மருத்துவர் லண்டனில் 305 பெண்களைப் பார்த்து, அவர்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வில் விழுவதாக எழுதியிருந்தார். கூட்டுக் குடும்பமும் ஊர் உறவும் இருக்கும் ஆப்பிரிக்கக் கிராமத்தில் அதெல்லாம் வராது என்று பலர் நம்பிய காலம் அது. காக்ஸ் உகாண்டாவில் கண்ட விகிதமும் ஏறத்தாழ அதேதான்.

ஸ்காட்லாந்துக்கு வந்த பிறகு அவரும் ஜெனி ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகியோரும் எடின்பரோவிலும் லிவிங்ஸ்டனிலும் இருந்த சுகாதார மையங்களில் வேலை செய்து, 1987இல் பத்தே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அதில் உடம்பைப் பற்றிய பேச்சை வேண்டுமென்றே குறைத்தார்கள். சிரிக்க முடிகிறதா, நாளை நடக்கப்போவதை எதிர்பார்க்கத் தோன்றுகிறதா, காரணமில்லாமல் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாளா, காரணமில்லாத பயம் வருகிறதா என்று மனத்தை நோக்கித் திருப்பினார்கள். தூக்கத்தைப் பற்றிய கேள்வி ஒன்று உண்டு. ஆனால் அது குழந்தை அழுததால் போன தூக்கத்தைக் கேட்கவில்லை. மன வருத்தத்தால் வராத தூக்கத்தைக் கேட்கிறது. இந்தச் சின்ன மாற்றத்தில்தான் அந்த அளவுகோலின் சாமர்த்தியம் இருக்கிறது.

கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தது என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு பதில்கள், பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 30. எடின்பரோ அளவுகோல் என்று உலகம் முழுவதும் அறியப்படும் இதை முடிக்க ஐந்து நிமிடம் போதும். பேனா இருந்தால் தாயே எழுதிவிடலாம்.

மதிப்பெண் அதிகம் வந்தால் நோய் என்று முடிவு கட்டிவிட முடியாது. 'இவரை உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள்' என்று மட்டுமே அந்த எண் சொல்கிறது. இன்னொன்று, பத்தாவது கேள்வி. தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று அது கேட்கிறது. இதற்கு 'ஆமாம்' என்ற வகையில் எந்தப் பதில் வந்தாலும், மற்ற ஒன்பதுக்கும் பூஜ்யமே வந்திருந்தாலும், அந்தத் தாயை அன்றைக்கே யாராவது முழுதாக விசாரிக்க வேண்டும். கேட்டால் இல்லாத நினைப்பைத் தூண்டிவிட்டதாகிவிடுமோ என்று செவிலியர் பலர் தயங்குவது உண்டு. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. மனத்தில் ஏற்கெனவே அதைச் சுமந்துகொண்டிருப்பவளுக்கு யாராவது கேட்டார்களே என்பது ஆறுதல்.

பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் வருகிற அழுகை வேறு. பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு அது வரும். காரணமே இல்லாமல் கண்ணில் நீர் முட்டும், அடுத்த நிமிடம் சிரிப்பு வரும், யாராவது ஒரு சொல் சொன்னால் தாங்காது. இரண்டு வாரத்துக்குள் அது தானாக அடங்கிவிடும். அதற்கு மருந்து தேவையில்லை, பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். இரண்டு வாரம் தாண்டியும் மனம் தெளியவில்லை, குழந்தையைப் பார்த்தால் எதுவும் தோன்றவில்லை, அல்லது குழந்தைக்கு ஏதோ ஆகிவிடும் என்ற பயத்தில் கண்ணை மூட முடியவில்லை என்றால், அதுதான் கவனிக்க வேண்டிய மனச்சோர்வு.

மூன்றாவது ஒன்றும் உண்டு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் வருவது. இரவெல்லாம் உறங்காமல் பேசிக்கொண்டே இருப்பது, யாரோ காதில் சொல்கிறார்கள் என்பது, குழந்தை தன்னுடையதே இல்லை என்பது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களிலேயே சட்டென்று தொடங்கும். ஊர்ப்பக்கம் இதைக் காத்து கருப்பு என்று சொல்லித் தாயத்துக் கட்ட அழைத்துப் போவார்கள். இதில் தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. தாயத்தைப் பிறகு கட்டிக்கொள்ளலாம், முதலில் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் இதையெல்லாம் யார் கணக்கெடுத்தார்கள் என்ற கேள்வி எழும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் பக்கத்தில் உள்ள கணியம்பாடி வட்டாரத்தில் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருந்த 359 பெண்களைச் சந்தித்தார்கள். குழந்தை பிறந்த ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் அவர்களில் 301 பேரை மறுபடியும் பார்த்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில், பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர். கர்ப்பத்திலேயே தொடங்கியவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. இந்தியா முழுவதும் நடந்த 38 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற இருபதாயிரம் பெண்களின் விவரங்களோடு தொகுத்துப் பார்த்து 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான கட்டுரை, ஐந்தில் ஒரு தாய்க்குச் சற்று மேல் என்று சொன்னது. நூற்றுக்கு 22.

கணியம்பாடியில் யாருக்கு வந்தது என்பது எண்ணிக்கையைவிட முக்கியமானது. வருமானம் குறைந்த வீட்டுப் பெண்களுக்கு அதிகம். ஆண் குழந்தையை எதிர்பார்த்திருந்து பெண் பிறந்தவர்களுக்கு அதிகம். மாமியாரோடு ஒத்துப்போகாதவர்களுக்கு மட்டுமல்ல, பெற்ற தாய் தகப்பனோடு மனத்தாங்கல் இருந்தவர்களுக்கும் அதிகம். கர்ப்பக் காலத்தில் சாவோ கடனோ வேறு துயரமோ கண்டவர்களுக்கும், கைவேலைக்கு ஒத்தாசை இல்லாதவர்களுக்கும் அதிகம். மாமியாரை வில்லியாக்கி நாம் பார்த்துப் பழகிய தொலைக்காட்சித் தொடர்களுக்கு இந்தப் பட்டியல் அவ்வளவாக ஒத்துவராது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, 'குடும்மா, நான் தூக்கி வச்சிருக்கேன், நீ படு' என்கிற மாமியார் எந்த மாத்திரைக்கும் குறைந்தவரில்லை.

எடின்பரோ கேள்விகளைத் தமிழில் சோதித்துப் பார்த்ததும் வேலூர்க்காரர்கள்தான். ஸ்காட்லாந்தில் 12 மதிப்பெண்ணைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று கோடு போட்டிருந்தார்கள். தமிழ்ப் பெண்களிடம் அந்தக் கோடு எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் விழுந்தது. அதாவது, அங்கே போட்ட கோட்டை அப்படியே இங்கே கொண்டுவந்திருந்தால் ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு வாங்கிய தாய்மாரையெல்லாம் 'ஒன்றுமில்லை, போய் வாம்மா' என்று அனுப்பியிருப்பார்கள். ஒரு கருவியை இறக்குமதி செய்தால் மட்டும் போதாது, உள்ளூரில் ஒருமுறை நிறுத்துப் பார்க்கவும் வேண்டும்.

கருவி இருக்கிறது. ஆளும் வருகிறாள். ஒரு தாய் எத்தனை முறை சுகாதாரத் துறையின் கண்ணில் படுகிறாள் என்று எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை தடுப்பூசிக்கு என்பது ஊருக்கே தெரிந்த வழக்கம். கர்ப்பமானதைப் பதிவு செய்தால் ஓர் எண் கிடைக்கும். அதன்பின் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, ஸ்கேன் என்று மாதாமாதம் வரிசை. பிறந்த பின் தேசியத் திட்டப்படி மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று நாற்பத்திரண்டாம் நாள் வரை வீடு தேடி வர வேண்டும். பிறகு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் ஊசி. இவ்வளவு சந்திப்பு பெரும்பாலான நோயாளிகளுக்குக் கிடைப்பதில்லை. அப்படியிருந்தும் இந்த ஒரு நோய் மட்டும் கண்ணில் படாமல் போகிறது.

பிள்ளை பிறந்த நிமிடம் முதல் எல்லார் பார்வையும் குழந்தை மேல் திரும்பிவிடுவது ஒரு காரணம். எடை எவ்வளவு, பால் குடிக்கிறதா, மஞ்சள் காமாலை இருக்கிறதா, வெளிக்குப் போகிறதா? தாயைப் பற்றிக் கேட்டாலும் தையல் ஆறியதா, பால் ஊறுகிறதா என்பதோடு சரி. பக்கத்தில் நிற்கும் மாமியாரோ அம்மாவோ அதற்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார்கள்.

தாயும் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வரமாட்டாள். தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, இடுப்பு விட்டுப்போகிறது, பால் போதவில்லை என்றுதான் வருவாள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே போலக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதுவது சரிதான். அதில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகு சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுவதில்தான் விஷயம் கைநழுவுகிறது. சிலர் குழந்தைக்குச் சளி, வயிற்று உப்புசம் என்று வாரத்துக்கு இரண்டு முறை வந்து நிற்பார்கள். குழந்தைக்கு ஒன்றும் இருக்காது. அடிக்கடி வரும் தாயைப் பார்த்துச் சலித்துக்கொள்வதற்குப் பதிலாக, ஏன் வருகிறாள் என்று யோசிக்கும் மருத்துவருக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

வெளியே சொல்லாததற்கு இன்னொரு காரணம் பயம். பைத்தியம் என்று பட்டம் கட்டுவார்கள், பிள்ளையைப் பிரித்து வைப்பார்கள், அம்மா வீட்டுக்கே திருப்பி அனுப்புவார்கள். 'இவ்வளவு அழகான குழந்தையை வச்சுக்கிட்டு உனக்கென்ன குறை?' என்ற ஒரு கேள்வி போதும், அவள் வாயை அடைக்க. அழுதால் பால் வற்றிவிடும் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, அழுவதையும் குளியலறைக்குள் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. வளைகாப்பு முடிந்ததும் பெண் பிறந்த வீட்டுக்குப் போகிறாள். பதிவு செய்தது புகுந்த ஊரின் கிராம சுகாதார செவிலியரிடம். பிரசவமும் முதல் மாதங்களும் இன்னோர் ஊர்ச் செவிலியரின் எல்லையில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பி வருகிறாள். ஏழாம் மாதத்தில், 'இந்தப் பொண்ணு முகமே சரியில்லையே' என்று கவலைப்பட்டவர் ஒருவர், பிரசவத்துக்குப் பின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பவர் மற்றொருவர். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழுவினர் 270 தாய்மாரைப் பார்த்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு முதல் எட்டு வாரங்களில் நூற்றுக்கு 23 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் கர்ப்பத்திலேயே மன வேதனையில் இருந்தவர்கள். முதல் செவிலியர் கண்டதை அட்டையில் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இரண்டாமவர் முதல் நாளிலிருந்தே கவனமாக இருந்திருப்பார்.

எப்படிக் கேட்பது? பத்துக் கேள்விக்கு நேரமில்லாத இடத்தில் இரண்டே கேள்வியில் தொடங்கலாம். மேரி ஊலி என்ற அமெரிக்க மருத்துவர் 1997இல் சோதித்துக் காட்டியவை அவை. சான் பிரான்சிஸ்கோவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைக்கு வந்தவர்களிடம், பெரும்பாலும் ஆண்களிடம், சோதிக்கப்பட்ட கேள்விகள் பின்னாளில் பிரிட்டனில் கர்ப்பிணிகளையும் தாய்மாரையும் கேட்பதற்கான அரசு வழிகாட்டுதலில் இடம்பிடித்தது ஒரு விநோதம். நம் ஊர்ப் பேச்சில் கேட்டால் இப்படி இருக்கும்: 'போன ஒரு மாசமா மனசு விட்டுப்போயி, இனிமே என்ன இருக்குன்னு அடிக்கடி தோணுதாம்மா?' 'முன்னாடி ஆசை ஆசையாச் செஞ்ச எதுலயும் மனசு ஒட்டாம இருக்கா?' ஒன்றுக்காவது ஆமாம் என்றால் எடின்பரோ தாளை எடுக்கலாம்.

யார் முன்னால் கேட்கிறோம் என்பது இதைவிடப் பெரிது. மாமியார் முன்னால் கேட்டால் எந்தப் பெண்ணும் 'நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டர்' என்றுதான் சொல்வாள். 'பாட்டி, நீங்க குழந்தையை எடை போடத் தூக்கிட்டுப் போங்க' என்று மாமியாரை அனுப்பிவிட்டு, அந்த இடைவெளியில் கேட்கலாம். யாருக்கும் சங்கடமில்லை, சந்தேகமும் வராது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்போது இந்தத் தனிமை இன்னும் அவசியம். பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே ஒப்பிப்பதுபோலக் கேட்டால் ஒப்பிப்பதுபோலவே பதில் வரும்.

எடை என்றதும் இன்னொரு வேலூர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. 2004இல் வெளியானது. ஊட்டச்சத்துக் குறைவான 72 குழந்தைகளையும் நன்றாக வளரும் 72 குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மெலிந்த குழந்தைகளின் தாய்மாரிடையே மனச்சோர்வு மிக அதிகமாக இருந்தது. வறுமை, தாய்ப்பால், சத்துமாவு என்று காரணம் தேடும் அங்கன்வாடிப் பணியாளர், எடை ஏறாத குழந்தையைத் தூக்கி வரும் தாயின் முகத்தையும் ஒரு தடவை பார்க்க இது போதுமான காரணம்.

சரி, கேட்டாகிவிட்டது, ஆமாம் என்று சொல்லிவிட்டாள். அப்புறம்? கண்டுபிடித்துவிட்டு அனுப்ப இடமில்லாமல் விடுவது கண்டுபிடிக்காமல் இருப்பதைவிடக் கொடுமை. எல்லாரையும் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்றால் அத்தனை மருத்துவர்கள் நாட்டில் கிடையாது. நல்லவேளையாக, அது தேவையும் இல்லை. எடின்பரோ அளவுகோலை உருவாக்கிய அதே மூவரும் 1989இல் இன்னொன்றைச் செய்து காட்டினார்கள். வீடு வீடாகப் போகும் சுகாதாரச் செவிலியர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, வாரம் அரை மணி நேரமாவது தாய் சொல்வதைக் கேளுங்கள் என்று எட்டு வாரம் அனுப்பினார்கள். அப்படிக் கேட்கப்பட்ட 26 தாய்மாரில் 18 பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த 24 பேரில் தேறியவர்கள் 9 பேர்.

இதைவிடப் பெரிய சோதனை பாகிஸ்தானில், ராவல்பிண்டியைச் சுற்றிய கிராமங்களில் நடந்தது. அதீஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் மனச்சோர்வு கண்ட 903 கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே 'லேடி ஹெல்த் வொர்க்கர்' எனப்படும், பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள்தான் வீடு தேடிப் போகிறவர்கள். அவர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். தவறாகவே ஓடும் எண்ணத்தைத் தாயே கண்டுபிடித்து மாற்றிப் பார்க்கப் பழக்குவதுதான் சிகிச்சை. பிரசவத்துக்கு முந்தைய மாதம் தொடங்கிக் குழந்தையின் பத்தாம் மாதம் வரை பதினாறு சந்திப்புகள். இதில் ஓர் உள்ளூர்ச் சாதுரியம் இருந்தது. மனநோய் என்ற பேச்சையே அவர்கள் எடுக்கவில்லை. குழந்தை நன்றாக வளர வேண்டுமே, அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றார்கள். பேரன் பேத்திக்கு நல்லது என்றால் எந்த மாமியார் கதவைச் சாத்துவார்? மாமியாரும் கூடவே உட்கார்ந்தார்.

2008இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. ஆறாம் மாதத்தில் இந்தச் சந்திப்புகள் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு மனச்சோர்வு எஞ்சியிருந்தது. மற்றவர்களில் நூற்றுக்கு 53 பேருக்கு. குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். ஆனால் வயிற்றுப்போக்கு குறைந்திருந்தது, தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்கள் கூடியிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் அந்தச் சிகிச்சை முறையைக் கையேடாகவே வெளியிட்டது.

பேச்சால் தேறாதவர்களுக்கு மருந்து உண்டு. பால் கொடுக்கும் தாய் மாத்திரை சாப்பிடக் கூடாது என்ற எண்ணத்தால் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவே கலப்பவை. மருத்துவர் மேற்பார்வையில் இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். நிலைமை முற்றி மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தாலும், பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயத்துக்குச் சட்டம் பதில் சொல்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் தனிப் பிரிவு 2009 முதல் இருக்கிறது. உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 'டெலி மனாஸ்' மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

எப்போது கேட்பது என்பதில் மட்டும் இன்னும் ஒரு திருத்தம் தேவை. ஆறாவது வாரத்தில் ஒருமுறை கேட்டுவிட்டுக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் பல நாடுகளிலும் பழக்கம். கோவாவில் ஆறு வாரத்தில் மனச்சோர்வு கண்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆறாம் மாதத்திலும் அதே நிலையில்தான் இருந்தார்கள். அதற்குள் மகப்பேறு மருத்துவரிடம் போவதே நின்றுபோயிருக்கும். அந்தக் கட்டத்தில் தாயைக் கண்ணால் பார்க்கும் ஒரே மருத்துவர் குழந்தை மருத்துவர்தான். அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்களின் சங்கம் முதல், இரண்டாம், நான்காம், ஆறாம் மாதச் சந்திப்புகளில் தாயையும் கேட்டுப் பாருங்கள் என்று தன் உறுப்பினர்களுக்குச் சொல்லியிருக்கிறது. நம் அட்டவணையில் பதினான்காவது வாரத்துக்குப் பிறகு அடுத்த பெரிய ஊசி ஒன்பதாம் மாதம், தட்டம்மைக்காக. அந்த இரண்டு நாட்களிலும் இதே கேள்வியைக் கேட்கப் புதிதாக ஆளோ கட்டடமோ தேவையில்லை. வரிசையில் நிற்பவளுக்கு ஒரு நாற்காலியும், ஐந்து நிமிடமும் ஒதுக்கினால் போதும்.